வெள்ளாட்டுத் தீவனமாக மரத் தழைகள்

2019ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சுமார் 14.89 கோடி வெள்ளாடுகள் இருந்தன. இவற்றில் பெரும்பகுதி சிறு விவசாயிகளுக்கும் நிலமற்ற தொழிலாளருக்கும் உரியவை. பிண்ணாக்கும் தவிடும் விலை கொடுத்து வாங்கும் வசதி இவர்களுள் பலருக்கு இல்லை. கோடையில் புல் காய்ந்து மறைந்தபின், பசுமையாக எஞ்சி நிற்பவை மரங்களே. ஆகவே எந்தத் தழை எவ்வளவு சத்துடையது, அதை எம்முறையில் அளிப்பது என்பவை இவர்களது வாழ்க்கையோடு நெருங்கிய தொடர்புடையவை.

வெள்ளாட்டின் இயல்பு

செம்மறியாடு குனிந்து புல் மேய்வதையே பெரிதும் விரும்புகிறது. வெள்ளாடோ நிமிர்ந்து தழை கடிப்பதில் நாட்டமுடையது. அசையும் மேலுதட்டாலும் பற்றும் திறனுள்ள நாக்காலும் முள்ளுக்கு இடையிலுள்ள சிற்றிலைகளையும் அது பொறுக்கியெடுக்கும். பின்னங்கால்களில் நின்று உயரத்திலுள்ள கிளையையும் எட்டும்.

தழையிலுள்ள சத்துக்கள்

தீவனத்திலுள்ள நைட்ரஜன் அளவை 6.25 ஆல் பெருக்கினால் கிடைப்பது அதன் கச்சாப் புரத அளவாகும். நெல் வைக்கோலின் உலர்ந்த பொருளில் இது ஏறத்தாழ 3 முதல் 4 சதவிகிதமே. தீவனத்தில் புரதம் சுமார் 7 சதவிகிதத்துக்குக் குறையுமானால், ஆட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் செவ்வனே பெருகுவதில்லை; நார்ப்பொருளும் சரிவரச் செரிப்பதில்லை. வன்னித் தழையில் 11 முதல் 14 சதவிகிதமும், அகத்தி, சவுண்டல் ஆகியவற்றில் 20 சதவிகிதத்துக்கு மேலும் புரதம் உண்டு. இலையின் முதிர்ச்சிக்கும் பருவத்துக்கும் ஏற்ப இவ்வளவுகள் மாறுபடும். இலை முற்ற முற்றப் புரதம் குறைந்து நார் மிகும்.

25 கிலோ எடையுள்ள ஓர் ஆடு நாளொன்றுக்குச் சுமார் 1 கிலோ உலர்ந்த பொருளை உண்ணுகிறது என்று கொள்வோம். அது முழுவதும் வைக்கோலாயின் கிடைக்கும் கச்சாப் புரதம் 35 கிராம் அளவே. அதில் 300 கிராமுக்குப் பதிலாக 20 சதவிகிதப் புரதமுள்ள தழையைச் சேர்த்தால், மொத்தம் ஏறத்தாழ 85 கிராம் ஆகிறது. பசுந்தழையில் பெரும்பகுதி நீராதலால், 300 கிராம் உலர்ந்த பொருளைப் பெற ஏறத்தாழ 1 கிலோ பசுந்தழை வேண்டும். மரத் தழைகளில் சுண்ணாம்புச் சத்து மிகுதி, பாஸ்வரம் குறைவு. சிறிதளவு தவிடு சேர்ப்பதால் இக்குறை ஓரளவு நீங்கும்.

துவர்ப்புப் பொருளின் விளைவு

ஆய்வுக்கூடத்தில் அளந்த புரதம் முழுவதும் ஆட்டுக்குப் பயன்படுவதில்லை. இராஜஸ்தானத்தின் மாநில மரமாகிய வன்னி இதற்குத் தக்க உதாரணம். அங்கு 'கேஜ்ரி' எனப்படும் இம்மரத்தின் கிளைகளைக் குளிர்காலத்தில் கழித்து, உலர்ந்த இலையை 'லூங்' என்ற பெயரில் சேமித்து வைப்பர். ஆனால் இவ்விலையில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் அதிகம். அது புரதத்தைப் பற்றிக்கொண்டு செரிமானத்தைத் தடுக்கிறது. டானினைத் தன்பால் ஈர்த்துக்கொள்ளும் பாலிஎதிலீன் கிளைக்கால் என்ற பொருளை வன்னித் தழை உண்ட குட்டிகளுக்குக் கொடுத்து, அவிகாநகரிலுள்ள மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தில் சோதனை நடத்தப்பட்டது. 2002இல் வெளியான அதன் முடிவு, குட்டிகளின் வளர்ச்சி மேம்பட்டதைக் காட்டியது. எனினும் டானின் முற்றிலும் தீயதன்று. குறைந்த அளவில் இருக்கும்போது, முதல் இரைப்பையில் புரதம் வீணாகச் சிதையாமல் காத்து, குடலுக்கு அனுப்ப அது உதவுகிறது.

சவுண்டலும் மைமோசினும்

சவுண்டல் தழையிலுள்ள மைமோசின் என்னும் பொருள் அளவு மீறினால் மயிர் உதிரும். இரைப்பையில் அது மாறித் தோன்றும் மற்றொரு பொருள் தைராய்டுச் சுரப்பியைத் தாக்கும். ஆஸ்திரேலியாவில் இதனால் கால்நடைகள் நலிந்தபோது, ஹவாய்த் தீவு வெள்ளாடுகள் அதே தழையைத் தீங்கின்றி உண்பதை ரேமண்ட் ஜோன்ஸ் என்ற விஞ்ஞானி கவனித்தார். அந்நஞ்சைச் சிதைக்கும் நுண்ணுயிர் அவ்வாடுகளின் இரைப்பையில் வாழ்வதே காரணம் எனத் தெரியவந்தது. 1992இல் அந்நுண்ணுயிருக்கு அவர் பெயரையொட்டி 'சினர்ஜிஸ்டெஸ் ஜோன்சியை' எனப் பெயரிடப்பட்டது. இந்நுண்ணுயிர் எல்லா மந்தைகளிலும் இருக்குமென்று கொள்வதற்கில்லை. ஆதலின், மொத்தத் தீவனத்தில் சவுண்டல் மூன்றிலொரு பங்குக்கு மேற்படாதிருத்தல் நலம்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. ஒரே மரத்தின் தழையை நாள்தோறும் அளிக்காமல், இரண்டு மூன்று வகைகளைக் கலந்து அளிக்க வேண்டும்.

2. புதிய தழையைச் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். கடும் பசியிலுள்ள ஆடு வழக்கமாக ஒதுக்கும் தழையையும் உண்டு தீங்குறக்கூடும்.

3. தழையைக் கட்டாகக் கட்டி, ஆட்டின் தலை உயரத்தில் தொங்கவிட வேண்டும். தரையிலிட்டால் மிதிபட்டு அசுத்தமாகும். வெள்ளாடு அதைத் தொடாது.

4. தழை மிகுந்துள்ள காலத்தில் நிழலில் உலர்த்திச் சேமித்தால் பஞ்ச காலத்தில் பயன்படும். வெயிலில் நெடுநேரம் கிடந்தால் இலை நொறுங்கி உதிர்ந்து வீணாகும்.

5. கிளைகளை அடியோடு மொட்டையடித்தல் கூடாது. நுனிக் கிளைகளையும் மேற்பகுதியையும் விட்டு, கீழ்க்கிளைகளை மட்டும் கழிக்க வேண்டும். ஆண்டுதோறும் முழுவதும் வெட்டப்படும் மரம் உணவு தயாரிக்க இலையின்றி மெலிகிறது. அடுத்த ஆண்டுத் தழையும் குறைகிறது. மழை பொய்த்த ஆண்டில் மந்தையைக் காப்பது அந்த மரமேயாதலின், அதைக் காத்தல் ஆட்டைக் காப்பதற்கு ஒப்பாகும்.