பி.எல்.சி.க்குள் புகுந்த புழு

கம்ப்யூட்டர் வைரஸ் என்று பேச்செடுத்தாலே நம் மெக்கானிக்கல், எலெக்ட்ரிகல் நண்பர்கள் "அது கம்ப்யூட்டர் பிராஞ்சுக்காரங்க பாடு, நமக்கென்னப்பா?" என்று நழுவி விடுகிறார்கள். ஃபைல் அழியும், மெஷின் ஹேங் ஆகும், ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும் என்பதுதான் பொதுவான எண்ணம். ஆனால் மோட்டாரின் வேகத்தை மாற்றி, ஓடுகிற இயந்திரத்தையே உடைத்துப் போட்ட வைரஸும் உண்டு. டிப்ளமோ முடித்து மெயின்டெனன்ஸ் வேலைக்குப் போகப்போகிற நாம்தான் அந்தக் கதையை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதன் பெயர் ஸ்டக்ஸ்நெட். 2010 ஜூன் மாதம் பெலாரஸ் நாட்டு ஆன்டி-வைரஸ் நிறுவனம் ஒன்று இதைக் கண்டுபிடித்தது. யாரும் இயக்காமல் தானே மெஷினுக்கு மெஷின் பரவுகிற ரகம் என்பதால் இதை வைரஸ் என்பதைவிடப் புழு என்பதே சரி. இது குறிவைத்த இடம் ஈரானில் நடான்ஸ் என்ற ஊரிலுள்ள யுரேனியம் செறிவூட்டும் ஆலை.

அந்த ஆலையில் நடப்பது நமக்குப் புரியாத மந்திரம் ஒன்றுமில்லை. பால் பண்ணையில் கிரீம் பிரிக்கும் மெஷினின் தத்துவம்தான். யுரேனியம் கலந்த வாயுவை ஓர் உருளைக்குள் விட்டு அசுர வேகத்தில் சுற்றுவார்கள். கனமான யுரேனியம்-238 சுவரோரம் ஒதுங்கும், லேசான 235 நடுவில் கொஞ்சம் கூடுதலாகத் தங்கும். ஒரு மெஷினில் கிடைப்பது துளிதான் என்பதால் ஆயிரக்கணக்கில் வரிசையாக இணைத்திருப்பார்கள். மோட்டார்களுக்கு ஃப்ரீக்வன்சி கன்வர்ட்டர், அதற்கு உத்தரவு போட சீமென்ஸ் கம்பெனியின் எஸ்-7 வகை பி.எல்.சி. எல்லாம் நம் சிலபஸில் உள்ள சாமான்களே.

இப்படிப்பட்ட ஆலையின் கன்ட்ரோல் நெட்வொர்க்கை இன்டர்நெட்டோடு இணைக்க மாட்டார்கள். அப்புறம் எப்படி உள்ளே போகும்? பென் டிரைவ் வழியாகப் பரவும்படி அதை எழுதியிருந்தார்கள். எந்த ஃபைலையும் கிளிக் செய்யக்கூடத் தேவையில்லை. விண்டோஸில் அந்த டிரைவைத் திறந்து ஐகான்கள் கண்ணில் பட்டாலே போதும். போதாக்குறைக்கு தைவானின் ரியல்டெக், ஜேமைக்ரான் கம்பெனிகளின் டிஜிட்டல் கையெழுத்தையும் திருடி வைத்திருந்ததால், விண்டோஸ் அதை நம்பிக்கையான டிரைவர் என்று ஏற்றுக்கொண்டது.

உள்ளே போனதும் ஆட்டம் போடவில்லை. பி.எல்.சி.க்கு புரோகிராம் எழுதும் ஸ்டெப்-7 மென்பொருள் இருக்கிறதா, கன்வர்ட்டர் குறிப்பிட்ட ஃபின்லாந்து அல்லது ஈரான் கம்பெனித் தயாரிப்பா, 807 முதல் 1210 ஹெர்ட்ஸுக்குள் ஓடுகிறதா என்று பார்க்கும். பொருந்தாவிட்டால் சும்மா கிடக்கும். பொருந்தினால் ஃப்ரீக்வன்சியை 1410 ஹெர்ட்ஸுக்கு ஏற்றி 15 நிமிடம் ஓட்டும். பிறகு சமர்த்தாக 27 நாள் காத்திருந்து, 2 ஹெர்ட்ஸுக்கு இறக்கி 50 நிமிடம் வைத்து, மறுபடி 1064-க்குக் கொண்டு வரும்.

இதைக் கணக்கு போட்டுப் பார்த்தால்தான் வில்லங்கம் புரியும். வேகம் = 120 x ஃப்ரீக்வன்சி / போல் எண்ணிக்கை. இரண்டு போல் என்று கொண்டால் நம் ஊர் 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 3,000 சுற்று. 1064 ஹெர்ட்ஸில் 63,840. 1410-ல் 84,600. மையவிலக்கு விசையோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆக, சுவரின் மீதுள்ள இழுவிசை சுமார் 1.75 மடங்காகிறது. வேகத்தை இறக்கி ஏற்றும்போது கிரிட்டிகல் ஸ்பீடுகளைக் கடக்க வேண்டும், அங்கே அதிர்வு தனி. மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

இதைவிடப் பெரிய தந்திரம் ஒன்று உண்டு. சந்தேகப்பட்டு ஒரு இன்ஜினியர் லேப்டாப்பை மாட்டி பி.எல்.சி. புரோகிராமைப் படித்தால், மாற்றிய பகுதியை மறைத்துவிட்டு, பழைய நல்ல புரோகிராமையே காட்டும். திரையில் பார்ப்பது ஒன்று, ஓடுவது வேறு. இந்த இடம்தான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது. மீட்டர் பொய் சொல்லாது என்றுதானே நமக்கு லேபில் சொல்லித் தருகிறார்கள்?

சுமார் 1,000 மெஷின்கள் போயிருக்கலாம் என்று வெளிநாட்டு ஆய்வாளர்கள் கணித்தார்கள். 2010 நவம்பரில் அன்றைய அதிபர் அகமதிநெஜாத், சில மெஷின்களில் மென்பொருளால் தொல்லை ஏற்பட்டது என்று ஒப்புக்கொண்டார். அமெரிக்காவும் இஸ்ரேலும் சேர்ந்து செய்தவை என்று பத்திரிகைகள் விரிவாக எழுதின. இரண்டுமே அதிகாரபூர்வமாக ஒத்துக்கொள்ளவில்லை.

எலெக்ட்ரிகல் நண்பர்களுக்கு உக்ரைன். 2015 டிசம்பர் 23 அன்று அங்கே மூன்று மின்விநியோகக் கம்பெனிகளின் கன்ட்ரோல் ரூமில், ஆபரேட்டர் கை வைக்காமலே மவுஸ் அம்பு தானாக நகர்ந்து பிரேக்கர்களைத் திறந்தது. சுமார் 2,25,000 இணைப்புகளுக்குக் கரண்ட் கட். தொடக்கம் என்னவோ பல மாதம் முன்பு வந்த ஈ-மெயிலில் இருந்த ஒரு ஆபீஸ் ஃபைல்தான். ஆட்கள் சப்-ஸ்டேஷன்களுக்கு நேரில் போய் கையாலேயே பிரேக்கரைப் போட்டதால் சில மணி நேரத்தில் கரண்ட் திரும்பியது. முழுக்க ஆட்டோமேட்டிக்காக இருந்திருந்தால் என்ன கதியோ!

வீட்டுச் சாமானும் தப்பவில்லை. 2016-ல் மிராய் என்ற புழு, கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களை, சுமார் 60 பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை வைத்தே லட்சக்கணக்கில் பிடித்தது. எழுதிய மூவரும் இருபதை ஒட்டிய வயசுப் பசங்க. 2017-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். நம் கூடங்குளத்திலும் 2019-ல் நிர்வாக நெட்வொர்க்கில் இருந்த ஒரு கம்ப்யூட்டரில் இப்படியொரு மென்பொருள் நுழைந்ததை அணுமின் கழகம் உறுதிப்படுத்தியது. உலையை இயக்கும் அமைப்பு தனியாக இருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை என்றார்கள்.

கடைசியாக ஒரு சாவி விஷயம். பல கன்ட்ரோலர்களின் முகப்பில் ரன், புரோகிராம் என்று திருப்பும் சாவி இருக்கும். 2017-ல் சவூதியில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையின் டிரைகோனெக்ஸ் சேஃப்டி கன்ட்ரோலருக்குள் ட்ரைட்டான் என்ற மென்பொருள் நுழைந்தது. ஆபத்து நேரத்தில் ஆலையை நிறுத்தி ஆட்களைக் காப்பாற்ற வேண்டிய கன்ட்ரோலர் அது. சாவி புரோகிராம் நிலையிலேயே விடப்பட்டிருந்தது. எழுதியவர்களின் பிசகால் ஆலை தானாக நின்று போனதால்தான் விஷயமே வெளியே வந்தது. அடுத்த முறை இண்டஸ்ட்ரியல் விசிட் போகும்போது பேனல் கதவு திறந்திருந்தால், சாவி எந்தப் பக்கம் இருக்கிறதென்று கொஞ்சம் எட்டிப் பாருங்கள்.