கணையாழியும் கணக்கும்

நம் பாட்டனார் காலத்தில் நிச்சயதாம்பூலம் என்றால் வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், பெரியோர் முன்னிலையில் படிக்கும் ஓலை ஆகியவையே. இன்று அவற்றோடு மோதிரம் மாற்றுவதும் பல வீடுகளில் சேர்ந்துவிட்டது. மேல்படிப்பை முடித்து, முதற் சம்பளம் வாங்கத் தொடங்கும் வயதில் நம்மில் பலர் இந்தச் செலவை எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. கடையில் இருக்கும் மோதிரத்தை வாங்குவதா? நமக்கென்றே ஒன்றை வடிவமைத்துச் செய்விப்பதா? அப்படிச் செய்விப்பதற்கு ஆகும் கூடுதல் செலவு தகுமா? இக்கேள்வியைச் சிறிது ஆராய்வோம்.

மோதிரம் அடையாளப் பொருளாக விளங்குவது நமக்குப் புதிதன்று. இராமனின் கணையாழியைக் கண்டு சீதை அனுமனை நம்பினாள். மோதிரம் நீரில் நழுவியதால், தான் யார் என்று அரசவையில் காட்டச் சகுந்தலையிடம் ஒன்றும் இல்லாமற் போயிற்று. வான்மீகியின் காவியத்திலும் காளிதாசனின் நாடகத்திலும் அம்மோதிரங்களில் உரியவர் பெயர் பொறித்திருந்தது. ஆனால் அவற்றின் எடையை யாரும் கேட்கவில்லை. கல்லின் அளவையும் கேட்கவில்லை. அது யாருடையது என்பது ஒன்றே கேள்வி. மேல்நாட்டிலும் தொடக்கம் எளியதே. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய அறிஞர் பிளினி, மணம் பேசிய பெண்ணுக்குக் கல் பதிக்காத இரும்பு மோதிரம் அனுப்புவதைத் தம் நூலில் குறித்துள்ளார்.

அப்படியானால் வைர மோதிரம் இல்லாமல் நிச்சயம் இல்லை என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி விளம்பரத்திலிருந்து வந்தது. வைரம் அழியாதது என்ற பொருள்படும் புகழ்பெற்ற விளம்பரத் தொடரை 1947-இல் டி பீர்ஸ் நிறுவனத்துக்காக எழுதியவர் பிரான்சிஸ் ஜெரட்டி என்ற அமெரிக்கப் பெண்மணி. மோதிரத்துக்கு இரண்டு மாதச் சம்பளம் என்ற அளவுகோலும் 1980-களில் அந்நிறுவனத்தின் விளம்பரங்கள் வாயிலாகவே பரவியது. விற்பவர் வகுத்த அளவுகோலை வாங்குபவர் அறநூல்போல் கொள்ள வேண்டுவதில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு மோதிரத்தின் விலையில் ஐந்து பகுதிகள் உண்டு: தங்கம், கல், சேதாரம், செய்கூலி, வரி. இவற்றுள் தங்கத்தின் மதிப்பு மட்டுமே பெரும்பாலும் நம்மிடம் திரும்பி வரக்கூடியது. மற்றவை கொடுத்த அன்றே போனவை.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். கல் இல்லாத அரைப் பவுன் மோதிரம், அதாவது 4 கிராம். கணக்கின் எளிமைக்காகக் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தங்கத்தின் விலை 40,000 ரூபாய். கடையில் ஆயத்தமாக இருக்கும் மோதிரத்துக்குச் சேதாரமும் செய்கூலியும் சேர்ந்து 12 விழுக்காடு என்றால் 4,800 ரூபாய். ஆக 44,800. அதன்மேல் 3 விழுக்காடு வரி 1,344. மொத்தம் 46,144 ரூபாய்.

அதே எடையில் தனியாகச் செய்வித்தால், சேதாரமும் செய்கூலியும் 25 விழுக்காடு, வடிவமைப்புக் கட்டணம் 6,000 ரூபாய் என்று கொள்வோம். 40,000, 10,000, 6,000 ஆகியவை கூடி 56,000. வரி 1,680. மொத்தம் 57,680 ரூபாய்.

பின்னொரு நாள் இரண்டையும் பழைய தங்கமாகக் கொடுத்தால், கழிவு ஏதும் பிடிக்கவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், இரண்டுக்கும் அன்றைய தங்க விலைதான் கிடைக்கும். வடிவத்துக்கு யாரும் ஒரு காசும் தரமாட்டார். ஆகவே நம் கேள்வி 57,680 ரூபாய் தகுமா என்பதன்று. இரண்டுக்கும் இடையிலுள்ள 11,536 ரூபாய் தகுமா என்பதே. கேள்வியை இவ்வாறு சுருக்கிக்கொண்டால் பாதி மயக்கம் தெளிந்துவிடும்.

தனியாகச் செய்விப்பதற்கு ஏன் கூடுதலாக ஆகிறது? முதலில் கணினியில் வடிவம் வரைகிறார்கள். அதை மெழுகாலோ மெழுகு போன்ற பிசினாலோ சிறு உருவாக்குகிறார்கள். அதைச் சுண்ணச் சாந்தில் மூடிச் சூளையில் வைத்தால், உரு எரிந்து வெளியேறி அவ்விடம் வெற்றிடமாகும். அதில் உருக்கிய தங்கத்தைச் செலுத்துகிறார்கள். சுவாமிமலைச் சிற்பிகள் மெழுகுருவை மண்ணால் மூடி வெண்கலப் படிமங்கள் வார்ப்பதும் இதே தத்துவத்தால்தான். ஆயத்த மோதிரமானால் ஓர் இரப்பர் அச்சிலிருந்து நூற்றுக்கணக்கான மெழுகுருக்கள் எடுக்கலாம். வரைந்தவரின் உழைப்பு அத்தனை மோதிரங்களுக்கும் பங்கிடப்படும். நம்முடையது ஒன்றே ஒன்று என்றால், முழு உழைப்பையும் அந்த ஒன்றே சுமக்க வேண்டும். எனவே கூடுதல் விலையை ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. அதனால் நமக்கு என்ன பயன் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

இங்கே என் நண்பர் ஒருவரின் செய்தியைச் சொல்வது பொருந்தும். அவர் ஆராய்ச்சி மாணவர். உதவித்தொகையில் மிச்சம் பிடித்து 60,000 ரூபாய் சேர்த்திருந்தார். தில்லிக் கடை ஒன்றில் தனி மோதிரம் செய்ய அவருக்குக் கொடுத்த மதிப்பீடு 92,000 ரூபாய். குறைந்ததைக் கடன் வாங்குவதாக இருந்தார். வடிவம் எது என்று கேட்டேன். கைப்பேசியில் ஒரு நடிகையின் மோதிரப் படத்தைக் காட்டினார். நடுவில் உயர்ந்து நிற்கும் கல். சுற்றிலும் சிறு கற்கள்.

“இது யாருடைய எண்ணம்?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அன்றிரவு, தமக்கு நிச்சயமான பெண்ணுக்கு அந்தப் படத்தை அனுப்பினார். அவர் கைத்தறி நெசவில் பயிற்சி பெற்று, நாள்தோறும் தறியில் வேலை செய்கிறவர்.

“அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தறியில் உட்கார்ந்தால் நூலெல்லாம் அதில் மாட்டும். கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவேன். உங்களுக்குப் பரவாயில்லையா?” என்று அவர் கேட்டாராம்.

இந்த ஒரு கேள்வியால் எல்லாம் மாறிற்று. நகம் போன்ற கவ்விகளால் கல்லைத் தூக்கிப் பிடிக்கும் முறையை விடுத்தார்கள். கல்லைச் சுற்றித் தங்க விளிம்பு அமைத்து, அதற்குள் கல்லை அமிழ்த்திப் பதிக்கச் சொன்னார்கள். மேற்புறம் வழவழப்பாக, நூல் சிக்காதபடி இருக்க வேண்டும். அப்பெண்ணின் மெல்லிய விரலுக்கும் பொருந்த வேண்டும். அத்தகைய ஒன்று அவர்கள் பார்த்த கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கவில்லை, செய்விக்கத்தான் வேண்டியிருந்தது. கல் சிறியது, அதுவும் ஆய்வுக்கூடத்தில் உருவானது. 54,000 ரூபாயில் முடிந்தது. கடன் வாங்கவில்லை. அந்த மோதிரம் இன்றும் தறியில் ஓடும் அந்தக் கையில்தான் இருக்கிறது.

இதில் நான் கற்ற பாடம் ஒன்று உண்டு. முதலில் எண்ணியதும் தனி வடிவமே. பின்னர் செய்ததும் தனி வடிவமே. முன்னது மற்றொருவர் மோதிரத்தின் நகல். அதற்குத் தனிக் கட்டணம் கொடுப்பது வீண். பின்னது அணிபவரின் கையையும் தொழிலையும் அறிந்து பிறந்தது. அதற்குக் கொடுத்தது தகும். பாட்டியின் பழைய தோட்டிலுள்ள கல்லைப் புது மோதிரத்தில் பதிப்பதும் இவ்வாறே தகுதியுடையது. ஏனெனில் அதையும் கடையில் வாங்க இயலாது. பெயரோ நாளோ உட்புறத்தில் இருந்தால் போதும் என்பவர்கள், எளிய ஆயத்த மோதிரத்தில் எழுத்துப் பொறித்துக்கொள்ளலாம். அதற்குச் சிறு தொகையே ஆகும்.

ஆய்வுக்கூட வைரத்தைப் பற்றி ஒரு சொல். இதனை வெற்றிகரமாக உருவாக்கும் முறையை 1954-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவன அறிவியலார் கண்டனர். நிலத்தடி வைரத்தைப் போல் இதுவும் கரிமமே. கடினமும் ஒளியும் அதே. வெறுங்கண்ணால் வேறுபாடு காண இயலாது. விலையோ மிகக் குறைவு; அண்மை ஆண்டுகளில் அது மேலும் சரிந்துள்ளது. ஆகவே அணிவதற்கு நல்லது. பிற்காலச் சேமிப்பாக எண்ணி வாங்குவது பிழை.

செய்விக்க முடிவு செய்தவர்கள் சிலவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். தங்கத்தின் நிகர எடையையும் கல்லின் எடையையும் தனித்தனியே குறிக்கச் சொல்லுங்கள். காரட் என்ற ஒரே சொல் தங்கத்தில் தூய்மையையும் கல்லில் எடையையும் குறிக்கும். கல்லில் ஒரு காரட் என்பது 0.2 கிராம், அதைத் தங்க விலையில் சேர்த்துவிடலாகாது. 22 காரட் தங்கத்தில் ஆயிரத்துக்கு 916 பங்கு தூய தங்கம். 18 காரட்டில் 750 பங்கு. பின்னது கடினமானதால் கல்லை உறுதியாகப் பிடிக்கும். ஆனால் 22 காரட் விலையை அதற்குக் கொடுக்கலாகாது. 2023 ஏப்ரல் முதல் ஹால்மார்க் நகையில் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த தனி அடையாளக் குறி இருத்தல் வேண்டும்; அதை பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்க்கலாம். விரல் அளவு மாறினால் திருத்தித் தருவார்களா, எத்தனை வாரம் ஆகும், வார்க்கும் முன் மெழுகுருவைக் காட்டுவார்களா என்பவற்றையும் கேளுங்கள். சுற்றிலும் கல் பதித்த மோதிரத்தை அளவு மாற்றுவது கடினம்.

முடிவாக மூன்று கேள்விகள். இந்த வடிவம் கடையில் கிடைக்காததுதானா? அணிபவர் இதை நாள்தோறும் அணிவாரா? கடன் இல்லாமல் இயலுமா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் தயங்காமல் செய்வியுங்கள். ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும் ஆயத்த மோதிரமே போதும். அதனால் அன்பு குறைந்துவிடாது. எதுவாயினும் இருவரும் கூடிப் பேசி முடிவு செய்யுங்கள். வாழ்நாளெல்லாம் இருவரும் சேர்ந்து போட வேண்டிய கணக்குகள் பல. அவற்றுள் முதற் கணக்கை ஒருவர் மட்டும் மறைவாகப் போடுவானேன்?