படைவீரர் மறைவும் குடும்பத்தின் உரிமையும்

காவாந்தண்டலம் முதலிய நம் உத்திரமேரூர் வட்டார ஊர்களில் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் யாவும் அறியத்தக்க செய்தி ஒன்று உண்டு.

ஓய்வூதியம் பெற்று வந்த வீரர் மறைந்தால், அவர் மனைவிக்குச் சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் பொதுவாகக் கடைசிச் சம்பளத்தில் நூற்றுக்கு 30 பங்காகும். மரணத்துக்குப் படைப்பணி காரணமென்றோ, பணியினால் நோய் முற்றியதென்றோ ஏற்கப்பட்டால், சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் 60 பங்காகும். வீட்டில் உயிர் பிரிந்தது என்பதனால் மட்டும் இவ்வுரிமை அற்றுப்போவதில்லை. நோயின் வேர் பணிக்காலத்தில் இருந்ததா என்பதே கேள்வி.

இதற்கு விடை கூறுபவை காகிதங்களே. பணி விடுவிப்புப் புத்தகம், மருத்துவக் குழுவின் அறிக்கை, ஊர் திரும்பியபின் பெற்ற சிகிச்சைச் சீட்டுகள் ஆகியவை நோய் தொடர்ந்து வந்ததைக் காட்டும். மரணத்தை 21 நாட்களுக்குள் கிராம நிர்வாக அலுவலரிடம் பதிவு செய்தல் வேண்டும். மருத்துவர் தரும் சான்றில் ‘மாரடைப்பு’ என்று மட்டும் இருத்தல் போதாது. அதற்கு மூலமான பழைய நோய் உண்டெனில் அதுவும் குறிக்கப்படல் வேண்டும்.

படையில் சேரும்போது மருத்துவப் பதிவில் இல்லாத நோயினால் ஒருவர் விலக்கப்பட்டால், அது பணியால் வந்ததென்றே கொள்ளத்தக்கது. அன்றென மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசினுடையது என்று 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2023-இல் புதிய விதிகள் வந்துள்ளமையால், வீரர் பணி விலகிய நாளை முதலில் காண்க.

விண்ணப்பிக்க மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழிகாட்டும். கோரிக்கை மறுக்கப்பட்டால் மேல்முறையீடு செய்யலாம். அதுவும் தவறினால், இறுதி ஆணையிலிருந்து 6 மாதங்களுக்குள் சென்னையிலுள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தை அணுகலாம்.

துக்க வீட்டுக்குச் செல்லும் ஊராட்சி உறுப்பினர் ஆறுதலோடு, “பழைய சீட்டு ஒன்றையும் எறிந்துவிடாதீர்கள்” என்றும் சொல்லி வருவது பேருதவியாகும்.