ரூபாய்க்குப் பத்துக் காசு

வீட்டு வரி ரசீதை உற்றுப் பார்த்தால் ‘நூலக வரி’ என்று ஒரு சின்னத் தொகை இருக்கும். ரூபாய்க்குப் பத்துக் காசு. 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி வசூலாவது. நூலகத்துப் பக்கம் எட்டியே பார்க்காதவரும் இதைக் கட்டுகிறார். கிளை நூலகராக இருக்கும் எனக்கு, விடுமுறையில் ஊருக்குச் செய்வதைச் ‘சேவை’ என்று சொல்ல நாக்கூசுவது இதனால்தான். அவர்கள் காசுக்கு அவர்களுக்கு வர வேண்டியது கொஞ்சம் கூடுதலாகப் போய்ச் சேருகிறது, அவ்வளவே.

எங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லாத சனி, ஞாயிறில் நூலகம் திறந்திருக்க வேண்டுமே! அந்த வெள்ளியில் காலைப் பொழுதை மட்டும் வீட்டை விட்டு நகர முடியாத பெரியவர்களுக்கு வைத்துக்கொண்டேன். மஞ்சப்பையில் நாலைந்து புத்தகம், சைக்கிள். இது ஒன்றும் புது யோசனை இல்லை. எஸ். ஆர். ரங்கநாதன் நூலகத்துக்கான ஐந்து விதிகளை எழுதி வெளியிட்ட அதே 1931இல், மன்னார்குடி அருகே மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பியிருக்கிறார்.

இளைய நூலகர்களுக்கு ஒன்று சொல்வேன். பெரியவரை முதலில் உறுப்பினராக்குங்கள். அவர் பெயரில் அட்டை, அவர் பெயரில் இரவல் பதிவு. இரக்கப்பட்டுக் கையில் கொடுத்துவிட்டு வந்தால், புத்தகம் தொலைந்த பிறகு தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். எழுத்து பெரியதாக உள்ள பதிப்பாகப் பார்த்து எடுங்கள். எங்கள் ஊரில் ஒரு தாத்தாவுக்குப் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகமும் ஒவ்வொன்றாகப் போனது. ஒவ்வொரு பாகம் முடிந்ததும் வந்தியத்தேவன் செய்தது சரியா தப்பா என்று அரைமணி நேரம் பேசாமல் விட மாட்டார். அந்த அரைமணியையும் கணக்கில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

கோடை விடுமுறையில் விழா எடுக்காதீர்கள். சிறப்பு விருந்தினர், பொன்னாடை, பதாகை எல்லாம் பெரியவர்களுக்கு. பிள்ளைகள் மைக் சோதிப்பதைப் பார்த்துவிட்டு ஓடிவிடுவார்கள். வெயில் ஏறுமுன் பாயை விரித்து, ஒரு கதையை உரக்கப் படித்தாலே போதும். கதை சூடு பிடிக்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, “மீதி இதுல இருக்குடா” என்று புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு நான் என் வேலையைப் பார்ப்பேன். “அக்கா, நான்தான் முதல்ல எடுத்தேன்!” என்று சண்டை வரும். நேரு பால புத்தகாலய வரிசையின் மெல்லிய படப் புத்தகங்கள் அப்படி இழுபட்டே முதுகு கிழிந்தவை. ஒட்டி ஒட்டி வைக்கிறேன். கிழியாமல் அலமாரியில் இருப்பதைவிட இது தேவலாம்.

பிளஸ் டூ முடிவு வந்ததும் கூட்டம் மாறிவிடும். கல்லூரி விண்ணப்பம் எல்லாம் இணையத்தில். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று அம்மாக்கள் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு வருவார்கள். நிரப்பிக்கொண்டே போய் ஓடிபி கேட்கும் இடத்தில் எல்லாம் நிற்கும். கொடுத்த எண் அப்பாவுடையது, அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில், ஷிப்ட் முடியும்வரை போனை எடுக்க மாட்டார். அதனால் முதல் கேள்வியே, “இந்த நம்பர் போன் இப்ப யார் கையில இருக்கு?” என்பதுதான். பிறகு சான்றிதழ்களில் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்ப்பேன். எந்தப் பாடம் எடுப்பது என்று கேட்டால் எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன், முடிவை விண்ணப்பிக்கும் பெண் வாயால் சொல்ல வைப்பேன். பாஸ்வேர்டை அவளே நோட்டில் எழுதி எடுத்துப்போக வேண்டும். நம் டைரியில் வேண்டாம்.

நன்கொடை விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருங்கள். ‘பழைய புத்தகம் தாருங்கள்’ என்று பொதுவாக அறிவித்தால் பாடத்திட்டம் மாறிப்போன நோட்ஸும் பத்து வருடத்து இயர்புக்கும் மூட்டை மூட்டையாக வரும். வாங்கி வைக்கவும் இடமில்லை, வேண்டாமென்று சொல்லவும் சங்கடம். அதைவிட, மாரியம்மன் திருவிழாவுக்குச் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிறவர்களைப் பிடியுங்கள். தேர் நிலைக்கு வந்த மறுநாள் எல்லோரும் திண்ணையில் சும்மா இருப்பார்கள். 1000 ரூபாய் கட்டினால் நூலகப் புரவலர். ரசீதை அங்கேயே எழுதிக் கொடுங்கள், பெயரைப் பலகையில் ஏற்றுங்கள். அடுத்த வருடம் அவர் தன் பெயரைப் பார்க்கவாவது உள்ளே வருவார். ஒருவர் அப்படி வந்து, தான் பள்ளிக்காலத்தில் படித்த வாண்டுமாமா புத்தகத்தைத் தேடினார். கிடைக்கவில்லை. புதிதாக ஒரு பிரதி வாங்கி அனுப்பிவிட்டார்.

எல்லாவற்றையும் தனியாகத் தூக்கிச் சுமக்க வேண்டாம். வாசகர் வட்டத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். கதை வாசிப்பையும் விண்ணப்ப வேலையையும் அவர்களிடம் பிரித்துக் கொடுங்கள். நமக்கு மாறுதல் உத்தரவு எப்போது வரும் என்று யார் கண்டார்கள்!

பொங்கலுக்கு மட்டும் நான் எதுவும் வைப்பதில்லை. உறியடி, கோலப்போட்டி, மாட்டுப் பொங்கல் என்று ஊரே வாசலில் நிற்கும்போது புத்தகத்தை நீட்டினால் யார் வாங்குவார்கள்? தவிர, எங்கள் வீட்டிலும் பொங்கல் உண்டு.