திசை விரதமும் தல யாத்திரையும்

இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்ட 12 விரதங்களுள் திசை விரதமும் ஒன்று. இன்ன திசையில் இன்ன எல்லை வரையே செல்வேன், அதனைக் கடவேன் என வாழ்நாள் முழுமைக்கும் உறுதி கொள்வது அது. அவ்வெல்லையையும் ஒரு நாளைக்கோ ஒரு திங்களுக்கோ மேலும் சுருக்கிக்கொள்வது தேச விரதம். சமந்தபத்திர ஆசாரியர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதனை அடியொற்றித் தமிழில் தோன்றிய அருங்கலச்செப்பும் இவற்றை விளக்குகின்றன. எல்லைக்கு அப்பாலுள்ள உயிர்கட்கு நம்மால் தீங்கு நேராது என்பது இவற்றின் பயன்.

அங்ஙனமாயின், சிராவகர் ஊர்தியேறி ஊர் காணச் செல்லுதல் தகுமோ எனச் சிலர் வினவுவர். தகும். ஆனால், செலவுக்கு ஓர் அளவு வேண்டும். ஒரே நாளில் பத்துத் தலங்களைக் கண்டு திரும்ப எண்ணுவோர் ஒன்றையும் காண்பதில்லை. ஓட்டத்தில் பொழுது சாய்கிறது, இரவுண்ணாமை தவறுகிறது. வீடு திரும்பிய பிள்ளைகளிடம் கண்டதென்ன என்று கேட்டால் விடையில்லை.

ஒரு நாள் எல்லையாகச் செஞ்சியிலிருந்து பொன்னூர் மலை வரையுள்ள வழியைக் கொள்வோம்.

செஞ்சிக்கு வடக்கே, சிங்கவரத்தின் அருகே உள்ளது திருநாதர்குன்று. அங்கே ஒரு பெரும்பாறையில் 24 தீர்த்தங்கரர் திருவுருவங்களும் இரு வரிசையாகச் செதுக்கப்பெற்றுள்ளன. கோட்டையைக் காண வருவோர் பலர், இக்குன்றேறுவோர் சிலரே. அங்குள்ள பழங்கல்வெட்டு, 57 நாள் உண்ணா நோன்பிருந்து உடல் நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை அதுவென அறிவிக்கிறது. தமிழெழுத்தின் வரலாற்றை ஆய்வோரும் ‘ஐ’ என்னும் எழுத்தின் தொல்வடிவத்திற்காக அதனைப் போற்றுவர். இளையபட்டாரர் என்பார் 30 நாள் நோன்பிருந்து உயிர் நீத்தமையைப் பிறிதொரு கல்வெட்டு கூறும். குடும்பத்துடன் செல்வோர் அப்பாறையடியில் சிறிது நேரம் அமைதியாக அமர்தல் நன்று. சல்லேகனை என்பது யாதென்று பிள்ளைகட்கு விளக்க அதனினும் ஏற்ற இடம் வேறில்லை.

அங்கிருந்து திண்டிவனம் சாலையில் சென்று பிரிந்தால் மேல்சித்தாமூரை அடையலாம். தமிழ்ச் சமணரின் மடம் அமைந்த ஊர் அது. பார்சுவநாதர் ஆலயத்தின் கோபுரத்தைத் தொலைவிலேயே காணலாம். மல்லிநாதர் ஆலயத்திலோ ஒரே பாறையில் பாகுபலி, பார்சுவநாதர், அம்பிகா இயக்கி முதலிய உருவங்கள் விளங்குகின்றன.

பின்னர் வந்தவாசியை அடுத்த பொன்னூர் மலை. ஆசாரிய குந்தகுந்தரின் திருவடிகள் அதன் உச்சியில் வணங்கப்படுகின்றன. படியேறுகையில் பேச்சைக் குறைத்து, அடிவைக்கும் இடத்தை நோக்கி நடத்தல் வேண்டும். துறவியர் காக்கும் ஈரியா சமிதியைப் பிள்ளைகள் கால்களாலேயே கற்பர்.

போளூரை அடுத்த திருமலையும், அங்குள்ள பதினாறடிக்கு மேற்பட்ட நேமிநாதர் திருவுருவமும் மனத்தை இழுக்கும். எனினும், கொண்ட எல்லைக்கு அப்பாற்பட்டதாதலின் அதனைப் பிறிதொரு நாளுக்கு விடுக. விரதத்தின் சுவை அங்கேதான் புலப்படும்.

இவ்வழியின் இருமருங்கும் நம் முன்னோர் வாழ்ந்த ஊர்கள் பல. தொழிலும் கல்வியும் கருதி நாம் நகரங்களுக்குப் பெயர்ந்தோம். பாட்டனார் உழுத நிலத்தையும், பாட்டியார் விளக்கேற்றிய ஜினாலயத்தையும் பெயரளவிலும் அறியாத தலைமுறை வளர்கிறது. அறிந்தோர் உள்ளபோதே அவர்களை ஊர்தியில் முதலில் அமர்த்தி அழைத்துச் செல்வோமாக. எந்த வீடு, எந்தக் குளம், எந்தத் தெரு என அவர்கள் சுட்டிக்காட்டுவதைப் பிள்ளைகள் குறித்துக்கொள்ளட்டும். கல்வெட்டில் இல்லாத வரலாறு அது. கூறுவோர் மறைந்தால் படித்தறிய வழியில்லை.

புறப்படுமுன் எல்லையை வாய்விட்டுச் சொல்லிக்கொள்க. வடிகட்டிய நீரும் வீட்டுணவும் உடன் கொள்க. பாறையில் பெயரெழுதாமலும், எண்ணெய் பூசாமலும், குப்பை போடாமலும் காக்க. கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்க. இங்ஙனம் செல்லும் செலவே யாத்திரையாகும்.