பாம்பா, பப்ஜியா?

கேள்வி: உலகில் அதிகத் தாக்கம் ஏற்படுத்திய வீடியோ கேம் எது?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: சோவியத் ரஷ்யாவில் 1984-ல் பிறந்த 'டெட்ரிஸ்' என்பார் சிலர். 1983-ல் அமெரிக்காவில் படுத்துவிட்ட கேம் வணிகத்தை நிமிர்த்திய 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' (1985) என்பார் பலர்.

கரிசல்காட்டில் ஓட்டுப்பெட்டி வைத்தால் மரியோ ஜெயிப்பது கஷ்டம்!

மரியோவுக்கு டிவி வேண்டும், கேம் பெட்டி வேண்டும். 1997-ல் நோக்கியா 6110-ல் வந்த 'ஸ்நேக்' தனிக்காசு கேட்கவில்லை. பேச வாங்கிய பட்டன் போனிலேயே, நெட் இல்லாமல் பாம்பு ஓடியது. 2006 முதல் ஸ்ரீபெரும்புதூரிலேயே நோக்கியா போன்கள் தயாராயின.

2018-ல் வந்த 'பப்ஜி மொபைல்' மலிவு டேட்டாவில் ஊரூராகப் பரவியது. 2020 செப்டம்பரில் தடை, 2021-ல் 'பிஜிஎம்ஐ' என்ற பெயரில் மறுவருகை. செல்போனில் விளையாடலாம் என்று அதற்கு முன்பே பழக்கிவிட்டது பாம்புதான். இந்தப் பக்கத்தின் ஓட்டு அதற்கே.