அணியின் பெயர் கடைசியில் வரட்டும்

உயர்தரத்தில் தமிழ் எடுக்கும் பிள்ளைகளின் கொப்பியைப் புரட்டினால் முதற் பக்கங்களிலேயே ஒரு பட்டியல் இருக்கும்: உவமை, உருவகம், தற்குறிப்பேற்றம், படிமம், குறியீடு, அங்கதம். ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு வரைவிலக்கணம், ஓர் உதாரணம். அதை மனனம் செய்துகொண்டு பரீட்சைக்குப் போவார்கள். வினாத்தாளில் முன்பின் காணாத கவிதை ஒன்று வந்துவிட்டால் பட்டியல் கைகொடுக்காது. பெயரை வைத்துக்கொண்டு வரியைத் தேடினால் எந்த வரியும் எல்லாப் பெயருக்கும் பொருந்துவதுபோலத்தான் தோன்றும். வரியிலிருந்து தொடங்கிப் பெயருக்கு வர வேண்டும்.

பயிற்சிக்காக நானே நான்கு வரி எழுதித் தருகிறேன்.

வாசலில் ஏற்றி வைத்த
வாப்பாவின் தோணி
இன்னும்
கிழக்கே பார்த்துக் கிடக்கிறது.

முதலில்: யார், யாரிடம்?

இரண்டு தரம் வாய்விட்டுப் படியுங்கள். அதன்பின் பேசுவது யார் என்று கேளுங்கள். 'வாப்பா' என்ற ஒரு சொல்லே சொல்லிவிடுகிறது: மகனோ மகளோ பேசுகிறார், நம் கிழக்கிலங்கைக் கரையோரத்து முஸ்லிம் வீடு, கடற்றொழில் செய்த குடும்பம். இப்படிப் பேசுபவரை இனங்காண்பதைத்தான் தொல்காப்பியம் கூற்று என்று வகுத்து, தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று விரிக்கிறது.

இந்தப் பயிற்சிக்கு நம் பக்கத்து நாட்டார் கவிகளைப்போல உதவக்கூடியது வேறில்லை. பரணில் இருந்து வேளாண்மை காக்கும் ஆணும் வேலிக்குள் இருக்கும் பெண்ணும் பாடுவதாக வரும் அந்தக் கவிகளில் ஆளின் பெயர் பெரும்பாலும் வராது. மச்சான், மச்சி, கிளி என்று விளி மட்டும் வரும். அந்த விளியைப் பிடித்துக்கொண்டுதான் பாடுவது யார், கேட்பது யார், கேட்கக்கூடாத மூன்றாம் ஆள் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். அகப்பாடல்களும் தலைவன், தலைவியின் பெயரைச் சுட்டுவதில்லை. வீட்டில் கவி தெரிந்த மூத்தம்மா இருந்தால் ஒன்றைச் சொல்லச் சொல்லிக் கேட்டு, அது யார் கூற்று என்று கொப்பியில் எழுதுங்கள். குறுந்தொகையைப் படிக்கத் தொடங்குமுன் இதைவிட நல்ல ஆயத்தம் எனக்குத் தெரியாது.

அடுத்து: உரைநடையாக்குங்கள்

கவிதையின் பொருளைச் சாதாரண வசனமாக எழுதுங்கள். 'வாப்பா இல்லை. அவருடைய தோணி பாவிக்கப்படாமல் வாசலில் கிடக்கிறது.' இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது காணாமற் போயிற்று என்று பாருங்கள். தோணி 'பார்ப்பது' போய்விட்டது. 'இன்னும்' என்ற சொல் தனி வரியில் நின்று நம்மை நிறுத்தி வைத்தது போய்விட்டது. கவிதை சொல்லாமல் விட்டதை, அதாவது வாப்பா இல்லை என்பதை, உரைநடை வெளிப்படையாகச் சொல்லிவிட்டது.

உரைநடையில் இழந்தவைதான் உத்திகள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். பரீட்சையில் அவசரமாக இருந்தாலும் இந்தப் படியை விடாதீர்கள்.

ஒப்புமை இருந்தால் பிரித்துப் பாருங்கள்

எங்கே ஒன்று இன்னொன்றோடு ஒப்பிடப்படுகிறதோ அங்கே நான்கு கட்டம் கீறுங்கள்: பொருள், உவமை, பொதுத்தன்மை, உவம உருபு. 'கரைவலைக் கயிறுபோல முறுகிய கை' என்று ஒரு தொடர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பொருள் கை, உவமை கயிறு, உருபு போல, பொதுத்தன்மை முறுகியிருத்தல். அதோடு நின்றுவிடாதீர்கள். ஒப்புமை எதில் நிற்கிறது? தொல்காப்பியம் வினை, பயன், மெய், உரு என நான்கு சொல்கிறது. மெய் என்றால் வடிவு, உரு என்றால் நிறம். இங்கே வெளிப்படையாகத் தெரிவது வடிவு. ஆனால் கரைவலை இழுத்த கையே அந்தக் கயிறுபோல ஆகிவிட்டது என்று எண்ணும்போது வினையும் உள்ளே வந்துவிடுகிறது. நயம் எழுத இடம் கிடைப்பது இங்கேதான்.

உருவகத்தையும் உவமைத்தொகையையும் மாற்றி எழுதுவது வழமையான பிழை. சொல் வரிசையைப் பாருங்கள். 'கயல்விழி' என்றால் உவமை முன்னே, பொருள் பின்னே: கயல் போன்ற விழி, உவமைத்தொகை. 'விழிக்கயல்' என்றால் பொருள் முன்னே வந்து, விழியே கயலாகிவிடுகிறது: உருவகம்.

தற்குறிப்பேற்றத்துக்கு வருவோம். இயல்பாக நடக்கும் ஒன்றுக்குக் கவிஞர் தம் குறிப்பை ஏற்றிச் சொல்வது அது. காற்றில் தென்னோலை அசைவது இயல்பு. கடலுக்குப் போன தோணியைத் திரும்பி வா என்று ஓலை கையசைத்து அழைப்பதாகச் சொன்னால் தற்குறிப்பேற்றம். நம் நான்கு வரியில் தோணி கிழக்கே பார்க்கிறது, ஆனால் எதற்காகப் பார்க்கிறது என்று கவிதை சொல்லவில்லை. ஆகவே அதை மனிதப் பண்பேற்றம் என்று நிறுத்திக்கொள்வதே சரி. 'வாப்பாவைத் தேடி' என்று ஒரு சொல் கூடியிருந்தால் தற்குறிப்பேற்றமாகியிருக்கும்.

தண்டியலங்காரம் 35 பொருளணிகளைச் சொல்கிறது என்று பயப்பட வேண்டாம். ஆறேழு அணிகளை இப்படி வேறுபிரித்து அறிந்தால் வகுப்பறைக்குப் போதும்.

படிமமும் குறியீடும்

புதுக்கவிதையில் 'போல' அரிதாகவே வரும். புலனுக்குப் படும் ஒரு காட்சி வந்து நிற்கும், அது படிமம். கல்முனைக் கவிஞர் சோலைக்கிளி இதில் கைதேர்ந்தவர். 1991இல் வந்த அவருடைய தொகுப்பின் தலைப்பே 'காகம் கலைத்த கனவு'. கண்ணால் காண முடியாத கனவை ஒரு காகம் வந்து கலைக்கக்கூடிய பொருளாக்கிவிடுகிறது அந்த மூன்று சொல்.

படிமம் தன் காட்சிக்கு அப்பால் இன்னொன்றைச் சுமந்து நிற்கும்போது குறியீடாகிறது. நம் வரிகளில் தோணி வாப்பாவுக்குப் பதிலாகக் கிடக்கிறது. குறியீட்டை வாசிக்கக் காலமும் இடமும் தெரிய வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரைகளில் அதற்கு முன் எழுதப்பட்ட கவிதையில் கடல் பெரும்பாலும் சீவியம் தருவது. பின் எழுதப்பட்டதில் அதே சொல்லைக் கண்டால் சற்று நிதானிக்க வேண்டும். கவிதை எழுதப்பட்ட ஆண்டைப் பாருங்கள்.

எல்லை மீறவும் கூடாது. தொழுகைத் திசையான கிப்லா மேற்கே இருக்க, தோணி கிழக்கே பார்ப்பதால் இது இறை நம்பிக்கை குலைந்ததன் குறியீடு என்று ஒரு மாணவர் எழுதலாம். கெட்டித்தனமான எண்ணம்தான். ஆனால் அதைத் தாங்க வேறொரு சொல்லாவது கவிதைக்குள் இருக்க வேண்டும். இங்கே இல்லை. கிழக்கே கடல் இருக்கிறது, அவ்வளவே.

ஓசை

எதுகை இரண்டாம் எழுத்து, மோனை முதலெழுத்து. வாசல், வாப்பா என்பது மோனை. இதற்கு ஒரு வசனம் போதும். அதைவிட முக்கியம் பேச்சோசை. பெரியநீலாவணையின் நீலாவணனும் கல்முனைக்குடியில் பிறந்த எம். ஏ. நுஃமானும் யாப்புக்குள்ளேயே பேச்சின் ஓட்டத்தைக் கொண்டுவந்தவர்கள். நீலாவணன் 1975இல் மறைந்தபின் நூலாக வந்த 'வேளாண்மை' காவியத்தையோ நுஃமானின் 'தாத்தாமாரும் பேரர்களும்' தொகுப்பையோ எடுத்து, சீர் பிரிக்காமல், கதை சொல்வதுபோலப் படித்துப் பாருங்கள். நாக்கு எங்கே தானாக நிற்கிறதோ அங்கே கோடிடுங்கள்.

மரபைப் பிழை என்று எழுதாதீர்கள்

சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தில் அரபு நாட்டில் மழை பெய்கிறது, ஆறு பாய்கிறது, வயல் விளைகிறது. பாலைவனத்தில் ஏது வயல் என்று பிள்ளைகள் கேட்பது நியாயமான கேள்வி. காப்பியத்தைத் தொடங்கும்போது நாட்டு வளமும் நகர் வளமும் பாடுவது தமிழ்க் காப்பிய மரபு. உமறுப்புலவர் அந்த மரபுக்குள் நபிகளாரின் பிறந்த மண்ணைக் கொண்டுவந்து, தமிழ் வாசகன் அறிந்த செழிப்பையெல்லாம் அதற்குச் சூட்டுகிறார். 5027 விருத்தங்கள் கொண்ட அந்த நூலுக்கு நயம் எழுதும்போது 'மரபு' என்ற கலைச்சொல் இல்லாமல் முடியாது.

மேலைத்தேயச் சொற்களைக் கண்டும் ஒதுங்க வேண்டாம். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் 'மதங்க சூளாமணி'யில் ஷேக்ஸ்பியரின் 12 நாடகங்களை நம் நாடக இலக்கண நோக்கில் விளக்கிக் காட்டினார். இரண்டு மரபையும் ஒரே மேசையில் வைக்கலாம் என்பதற்கு அது போதிய சான்று.

விடை எழுதுதல்

நான் அடிக்கடி காணும் விடை இப்படி இருக்கும்: 'இக்கவிதையில் மனிதப் பண்பேற்றம், குறியீடு, மோனை என்பன சிறப்பாகக் கையாளப்பட்டு கவிதைக்கு மெருகூட்டுகின்றன.' எந்தக் கவிதைக்கும் இதை எழுதலாம் என்பதால் புள்ளி கிடைப்பதில்லை.

இப்படி எழுதிப் பாருங்கள்: 'கிழக்கே பார்த்து என்னும் தொடர், அசையாத தோணிக்குக் காத்திருப்பவரின் பார்வையைக் கொடுக்கிறது. அத்திசையில் கடல் இருப்பதால் வாப்பா எங்கே போனார் என்பது சொல்லாமலே விளங்குகிறது. துயரத்தைத் தாம் சொல்லாமல் தோணியிடம் ஒப்படைக்கவே கவிஞர் மனிதப் பண்பேற்றத்தைக் கையாள்கிறார்.' வரி முதலில், அது செய்யும் வேலை அடுத்து, பெயர் கடைசியில்.

எழுதி முடித்ததும் கலைச்சொல்லை விரலால் மறைத்துவிட்டு அந்தப் பந்தியை மறுபடி படியுங்கள். கவிதையைப் பற்றி ஏதாவது மிச்சம் இருந்தால் விடை சரி. ஒன்றும் இல்லாவிட்டால், உரைநடையாக்கிய இடத்துக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து மறுபடி எழுதுங்கள்.